கைம்முட்டி அளவு

பங்குனி 27, புதன்

இன்று காலை பத்து மணிக்கு என் வீட்டு மொட்டைமாடியில் அறிவியல் குடியேறியது. அதன் வடிவம் சதுரம். முழ நீளமும் முழ அகலமும் கொண்ட தெர்மாக்கோல் பலகை. அதன்மேல் சுருக்கமின்றி ஒட்டிய வெள்ளித்தாள். தாங்குவதற்கு நான்கு இரும்புக்கால்கள். ஆலங்கட்டி விழுந்தால் தாளில் குழி விழும். குழியின் அகலத்தைக் கொண்டு கல்லின் அளவைக் கணிப்பார்களாம்.

கொண்டுவந்தவர் முனைவர் லீமா. சென்னையில் வானிலை ஆய்வு நிலையம் ஒன்றில் பணி. பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அகவை நாற்பது இருக்கும். உலகம் வெப்பமாகும்போது கடும்புயலும் ஆலங்கட்டியும் எவ்வாறு மாறுகின்றன என்பதே அவர் ஆராயும் பொருள். அழைத்துவந்தவர் பக்கத்துத் தோட்டத்து முனிரத்தினம். மாந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும் வைத்திருக்கிறார். கடந்த ஐந்தாண்டுகளில் மூன்று சித்திரைகளில் அவருடைய மாம்பிஞ்சுகளை ஆலங்கட்டி அடித்துக் கொட்டிவிட்டது. மரங்களின்மேல் தடுப்புவலை விரிக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நம் வட்டம் இல்லை. "ஆலங்கட்டியின் அளவு ஏறிவரும் வட்டங்கள்" என்னும் பட்டியலில் சேர்ந்தால்தான் வலை வரும். அப்பட்டியலுக்கு வழிகாட்டப்போவது லீமா அவர்களின் அறிக்கை.

இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. முதலில் நான் கேட்டது, ஓசூர் வட்டாரத்தில் இத்தனை மாடிகள் இருக்க என் மாடி எதற்கு என்பதுதான். அவர் சொன்ன விடை என் எழுபத்தைந்து ஆண்டு வாழ்வில் நான் கேட்ட இனிய சொற்களுள் ஒன்று.

"உங்க பேரு ஏற்கெனவே என் டேட்டால இருக்கு சார்."

நாற்பது ஆண்டு நாளிதழ்களைப் புரட்டி, நம் வட்டத்தில் பெய்த அறுபத்தொரு ஆலங்கட்டி மழைகளைத் தொகுத்திருக்கிறார். அவற்றுள் மிகப் பெரிய கல் விழுந்தது முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே பெத்தகொத்தூர் திடலில், குடிநீர் கேட்டு நடந்த பொதுக்கூட்டத்தில். "கைம்முட்டி அளவு ஆலங்கட்டிகள் பொழிந்தும் நாவலர் செம்பரிதி மேடையை விட்டு இறங்காது முழங்கினார்" என்பது அன்றைய செய்தி. அதற்காகவே "ஆலங்கட்டி அரிமா" என்னும் பட்டம் எனக்கு வழங்கப்பட்டது. அந்தக் கல் இன்று அறிவியல் ஏட்டில் எண்பது மில்லிமீட்டராக அமர்ந்திருக்கிறது.

பிறகு அவர் ஒரு வினா எழுப்பினார். அந்தக் கல்லை யார் அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள்? விடை கூற நான் தொண்டையைச் செருமியபோது பத்மாவதி மோர் கொண்டுவந்தாள். மோர் நன்றாக இருந்தது. பேச்சு மோரை நோக்கித் திரும்பியது. அவள் உள்ளே சென்றபின், சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் சிரிப்பதுபோல் உருண்டது.

பத்மாவதி என் துணைவி. மணம் முடித்த நாளிலேயே அவளுக்குத் தாமரைச்செல்வி என்று பெயர் சூட்டினேன். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

பங்குனி 29, வெள்ளி

காகம் ஒன்று வெள்ளித்தாளில் மூன்று குழிகள் இட்டது. அவை வானத்தின் செயல் அல்ல என்று லீமா அவர்களுக்கு உடனே செய்தி அனுப்பினேன். காக்கைக் குழி முக்கோணமாக இருக்கும், தமக்குத் தெரியும் என்று விடை வந்தது. அறிவியல் என்னைச் சற்றுக் குறைவாகவே நம்புகிறது.

சித்திரை 1, ஞாயிறு

மாலையில் மாவளவன் வந்தார். என் எழுபத்தைந்தாம் அகவை நிறைவு விழாவின் குழுத் தலைவர் அவர். விழா இம்மாதம் பதினைந்தாம் நாள், அதே பெத்தகொத்தூர் திடலில். நான் ஆற்ற வேண்டிய உரை "வெப்பமாகும் வையம்". இந்தக் கோடையில் ஐந்து ஊர்களில் இப்பொருளில் பேசிவிட்டேன். "நேற்று மிளகு, இன்று நெல்லிக்காய், நாளை தேங்காய்! இது மழையன்று, நாம் எறிந்த கல் நம்மீதே திரும்பும் காட்சி!" என்னும் இடத்தில் கைதட்டல் எழாத ஊர் இல்லை.

அன்றைய கல்லின் நினைவாகக் கண்ணாடியில் ஓர் ஆலங்கட்டி செய்யக் கொடுத்திருக்கிறார்களாம். கைம்முட்டி அளவு. செய்பவர் என் கையை அளவெடுக்க விரும்புகிறார் என்று மாவளவன் சொன்னார். விரல்களை மடக்கி முட்டியை நீட்டினேன். நூலால் சுற்றி அளந்துகொண்டார்.

பத்மாவதி மாடியில் வடகம் பிழிந்திருக்கிறாள். அந்த வெள்ளித்தாள் பலகைமேல் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று இரண்டுமுறை சொல்லிவிட்டாள். இடம் கொடுக்கவில்லை.

சித்திரை 4, புதன்

மேடையில் வெறும் நாவன்மை போதாது, சான்று வேண்டும். ஆகவே இன்று லீமா அவர்களை அழைத்து, "வெப்பம் பெருகப் பெருக ஆலங்கட்டியும் பெருகும்" என்று ஒரே ஒரு வரி தம் ஆய்விலிருந்து தருமாறு கேட்டேன். அரைமணி நேரம் விளக்கினார். நான் விளங்கிக்கொண்டவாறு எழுதுகிறேன்.

காற்று சூடாகும்போது நீராவியை மிகுதியாகச் சுமக்கிறது. அந்த ஈரம் இடிமேகத்துக்குள் மேல்நோக்கி எழும் காற்றுக்கு வலிமை தருகிறது. வலிய காற்று பனிக்கல்லை நெடுநேரம் உயரத்தில் தாங்கிப் பிடிப்பதால் கல் தோல்மேல் தோலாக வெங்காயம்போல் வளர்கிறது. இதுவரை என் உரையோடு ஒத்துப்போகிறது. ஆயின் கீழே இருக்கும் காற்றும் சூடானதால் சிறு கற்கள் தரைக்கு வருமுன்பே உருகி மழையாகிவிடுகின்றன. ஆகவே ஆலங்கட்டி விழும் நாள்கள் குறையலாம். விழும் கற்கள் பெரியவையாக இருக்கலாம்.

"குறையலாம், இருக்கலாம்" என்பவற்றை நீக்கித் தரமுடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். "வாய்ப்புண்டு" என்பதே அவர் தரக்கூடிய மிகப் பெரிய சொல். அச்சொல்லை வைத்து எந்த மேடையிலும் ஒரு கைதட்டலும் வாங்கமுடியாது.

அடுத்து அவர் சொன்னதுதான் இன்று என்னை உண்ணவிடவில்லை. பிற வட்டங்களில் அளவு ஏறுகிறது. நம் வட்டத்தில் மட்டும் ஏறவில்லை. ஆண்டுகளையும் அளவுகளையும் புள்ளியிட்டுக் கோடு இழுத்தால் அது கீழ்நோக்கிச் சாய்கிறது. காரணம் கேட்டேன்.

"உங்க கல்லுதான் சார். மொத்தமே கொஞ்சம் புள்ளிதான். அதுல ஆரம்பத்துலயே எண்பது மில்லிமீட்டர் உக்காந்திருக்கு. அதுக்கப்புறம் வந்த எதுவும் அதுக்குப் பக்கத்துல கூட வரல."

ஐந்து ஊர்களில் நான் முழங்கியதை மறுத்துப் பேச இந்நாட்டில் ஒரே ஒரு சான்றுதான் இருக்கிறது. அது நான்.

சித்திரை 5, வியாழன்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். எரிவாயு உருளை வந்தது. முனிரத்தினமும் வந்தார். கோடு இறங்கும் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சினம் கொள்வார் என்று நினைத்தேன். அவரோ தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பெரிய கல்லுதான் ஐயா உங்க கல்லு. முப்பத்து நாலு வருசமாச்சு, இன்னும் என் தோப்புல விழுந்துக்கினே இருக்குது பாருங்க."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போகும்போது என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தார் என்று தோன்றியது. கண்ணாடி மாற்ற வேண்டும்; அண்மைக்காலமாகப் பலரும் அவ்வாறே பார்ப்பதாகத் தோன்றுகிறது.

சித்திரை 7, சனி

பலகையைப் பார்க்க லீமா நேரில் வந்தார். நான் ஒரு பெருந்தன்மையான முடிவோடு காத்திருந்தேன். உழவர் நலன் கருதி, என் கல்லை அவர் பட்டியலிலிருந்து ஓசையின்றி நீக்கிவிடலாம். எனக்கு மறுப்பில்லை என்றேன்.

கோடு பிடிக்கவில்லை என்பதற்காகப் புள்ளியை அழித்தால் அது ஆய்வு அல்ல, களவு என்னும் பொருள்பட அவர் சொன்னார். சான்றின் மூலமே பழுது என்று தெரிந்தால் மட்டும் நீக்கலாமாம். அந்தச் செய்தியை நாளிதழுக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டார்.

இங்கே அக்காலத்து வழக்கம் ஒன்றை எழுதியாக வேண்டும். சிற்றூர்க் கூட்டங்களுக்குச் செய்தியாளர் எவரும் வருவதில்லை. கூட்டம் முடிந்த கையோடு பேச்சாளரே தம் உரையையும் திரண்ட மக்களின் எண்ணிக்கையையும் மூன்றாம் ஆள் எழுதுவதுபோல் எழுதி, நாளிதழ் அச்சாகும் சேலத்துக்குப் போகும் பேருந்தின் நடத்துநர் கையில் கொடுத்துவிடுவார். இருநூறு பேர் ஈராயிரம் பேர் ஆவது அந்தப் பேருந்துப் பயணத்தில்தான். எல்லாரும் செய்ததுதான்.

"அப்ப அதை எழுதினது நீங்களா சார்?"

எழுத்து நடையைப் பார்த்தால் அவ்வாறு கருத இடமுண்டு என்றேன்.

அவர் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் பட்டாணி முதல் கைம்முட்டி வரை பத்துத் துளைகள். அன்று நான் கண்ட கல் எத்துளை வழியே நுழையுமோ அதை வட்டமிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். இம்மாத இறுதிக்குள் அறிக்கை போய்விடும். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

சித்திரை 8, ஞாயிறு

அட்டையை உணவு மேசைமேல் வைத்துக்கொண்டு சிந்தித்துக் கொண்டிருந்தேன். எலுமிச்சை எட்டாம் துளையில் நின்றது. நெல்லிக்காய் ஆறாம் துளையில். நினைவு என்பது நெகிழ்ச்சியுடையது. ஏழாம் துளை ஓர் இணக்கமான இடமாகப் பட்டது.

புளி ஆய்ந்துகொண்டிருந்த பத்மாவதி எழுந்து வந்தாள். அட்டையைத் தூக்கிப் பிடித்து, ஒரு புளியங்கொட்டையை இரண்டாம் துளையில் வைத்து விரலால் தட்டினாள். அது மேசைமேல் விழுந்து ஓடியது.

"இதுவே கொஞ்சம் பெருசுதான்," என்றாள். "நீங்க எங்க பார்த்திருக்கப் போறீங்க. மேசைக்கு அடியில இருந்தா கல்லு எப்படித் தெரியும்? நான் முன்வரிசையில முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவளுடைய நினைவாற்றல் அகவையோடு குன்றவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

மேசை என்று அவள் குறிப்பிட்டதைப் பற்றி: பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைக் காப்பதற்காக அதனுடன் சிறிது நேரம் தாழ்வான ஓர் இடத்துக்குச் செல்வது உண்டு. நான் பேச்சை நிறுத்தவில்லை. அது முழு உண்மை.

சித்திரை 11, புதன்

லீமா அவர்களுக்கு மடல் எழுதினேன். நான்கு பக்கம். அதில் புளியங்கொட்டை மூன்றாம் பக்கத்தின் நடுவில், ஓர் எச்சத் தொடருக்குள் வருகிறது. கிழித்துவிட்டேன்.

சித்திரை 12, வியாழன்

இரண்டு பக்கம். கிழித்துவிட்டேன்.

சித்திரை 13, வெள்ளி

விழா முடிந்தபின் எழுதுவதே முறை. ஊர்கூடி எடுக்கும் விழாவில் எவர் மனத்தையும் புண்படுத்தக் கூடாது. அறிக்கைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இன்று காலை நடந்து வரும்போது முனிரத்தினத்தின் தோப்பைக் கடந்தேன். காய்கள் கொத்துக் கொத்தாக, கட்டைவிரல் பருமனில். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குரல் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

சித்திரை 16, திங்கள்

நேற்றைய விழாவை இன்று காலையில் எழுதுகிறேன்.

மாடியில் இருந்த பலகையை மேடைக்கு எடுத்துச் சென்றேன். அறிவியலை மக்கள் கண்ணால் காணட்டும் என்பது நோக்கம். மேடையின் நடுவில் நிறுத்தினோம். வந்தவர்கள் அதன்மேல் மாலைகளைச் சாத்தினார்கள்.

ஐவர் வாழ்த்துரை வழங்கினர். முதலாமவர் கைம்முட்டி அளவுக் கல் என்றார். இரண்டாமவர் விளாம்பழம் என்றார். மூன்றாமவர், தாம் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகவும் அது இளநீர் அளவு என்றும் கூறினார். அவர் பிறந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகியிராது. மாவளவன் நிறைவாக வந்து, கல்லில் ஒன்று மேடைத் தூணை முறித்ததாக முடித்தார். என் கல் ஆண்டு ஏற ஏறப் பருத்துக்கொண்டே வந்திருப்பதை அங்கே அமர்ந்துதான் கண்டேன். வானத்தின் கல் வளர்கிறதோ இல்லையோ, நாவின் கல் வளர்கிறது; இதற்கு "வாய்ப்புண்டு" என்று சொல்லத் தேவையில்லை, உறுதியாகவே சொல்லலாம்.

கண்ணாடிக் கல்லைக் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. முன்வரிசையில் முனிரத்தினம் கைதட்டிக்கொண்டிருந்தார். எல்லாரையும்விட நெடுநேரம் தட்டினார். அவர் தட்டத் தட்ட, எழுதி வைத்திருந்த உரையின் முதல் வரி எனக்கு மறந்துபோயிற்று.

நான் சொன்னவற்றை நினைவிலிருந்து எழுதுகிறேன். "தோழர்களே! அன்று இத்திடலில் விழுந்தது கைம்முட்டியன்று, புளியங்கொட்டை! நான் நின்றது மேடையின்மேல் அன்று, மேசையின்கீழ்! செய்தியை எழுதியது நாளிதழன்று, இந்தக் கை! இந்தப் பொய்யை ஒரு மெய்யான ஆய்வேடு நம்பிவிட்டது. அந்த ஏட்டை நம்பி ஒரு தோப்பு நின்றுகொண்டிருக்கிறது!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல் எழுந்தது. வழக்கமான இடங்களில், வழக்கமான அளவில். முப்பத்து நான்கு ஆண்டுப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, கல்லெறிக்குக் கூட ஆயத்தமாக நின்றேன். ஓர் அம்மையார் மட்டும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியுங்க. நீங்க அந்த வெப்பத்தப் பத்திச் சொல்லுங்க."

திடலே சிரித்தது. நன்றியுரையில் மாவளவன் மீண்டும் "கைம்முட்டி அளவு" என்றே சொன்னார். நானும் திருத்தவில்லை. எத்தனைமுறை திருத்துவது?

இறங்கி வரும்போது முனிரத்தினம் என் கையைப் பிடித்துப் படி இறக்கினார். ஊருக்கெல்லாம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க? அன்னைக்கு மேசைக் காலப் புடிச்சிக்கினு இருந்தது யாருன்னு நெனச்சீங்க? நான்தான். இல்லாட்டி அடிச்ச காத்துக்கு மேசையும் போயிருக்கும், நீங்களும் போயிருப்பீங்க. வேற எவனா இருந்தாலும் ஓடிருப்பான். நீங்க கீழ குந்திக்கினும் மைக்க விடல. அதுக்குத்தான் ஐயா ஊரு பட்டம் குடுத்தது. கல்லுக்கா குடுத்தாங்க?"

பின் ஏன் லீமா அவர்களிடம் அவரே சொல்லவில்லை? தோப்பு அவருடையது, வலை அவருக்கு வேண்டும், ஒரு சொல் போதுமே.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றார். "நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி இல்லீங்களா."



சித்திரை 17, செவ்வாய்

மடல் அனுப்பிவிட்டேன். ஐந்து வரி. இரண்டாம் துளையை வட்டமிட்டேன். "செய்தியில் உள்ள அளவு என் மிகைக்கூற்று" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் கண்ணாடிக் கல்லை வைத்திருந்தேன். அதற்குக் கிடைத்த முதல் பயன் அது.

பலகை மாலைகளோடு சேர்ந்து விழாக்குழுவின் வண்டியில் போய்விட்டது. நாளை கொண்டுவருவதாக மாவளவன் சொல்கிறார்.

சித்திரை 18, புதன்

பலகை வரவில்லை. வடகம் காய்ந்துவிட்டது.

சித்திரை 19, வியாழன்

மாலை நான்கு மணி. மின்சாரம் இல்லை. சன்னலோரம் அமர்ந்து எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மேற்கே வானம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டது. முதலில் காற்று. பிறகு மொட்டைமாடியில் யாரோ செங்கல் எறிவதுபோல் ஒன்று, சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. பத்து நிமிடம். முடிந்ததும் கொல்லைப்புறம் வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருந்தது. துவைக்கும் கல்லுக்கு அருகில் ஓர் ஆலங்கட்டி கிடந்தது.

பொய் சொன்ன வாயால் சொல்கிறேன்: அவ்வளவு பெரிய ஆலங்கட்டியை நான் வாழ்நாளில் கண்டதில்லை. முள்முள்ளாக, உள்ளே பால்வெண்மையாக, எலுமிச்சையைவிடப் பெரிது. அட்டை கையில் இல்லை, மடலோடு அனுப்பிவிட்டேன். பலகை மாலைகளின் அடியில் எங்கோ இருக்கிறது. பத்மாவதி தன் கண்ணாடி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். கல் அந்த வளையலுக்குள் நுழைய மறுத்தது.

கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தேன். நான்கு நிமிடக் காணொளி. நாள், நேரம், இடம், அளவு அனைத்தையும் தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு எடுத்துரைத்திருக்கிறேன். பிறகு போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கருவி என் பக்கம் திரும்பியிருக்கிறது. நான்கு நிமிடமும் என் முகம்தான் இருக்கிறது. கல் ஓரிடத்திலும் இல்லை.

கல்லை நெகிழிப் பையில் இட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருக்கிறோம்.

சித்திரை 20, வெள்ளி

மின்சாரம் இன்று பிற்பகல்தான் வந்தது. பையில் தண்ணீர் இருக்கிறது.

முனிரத்தினம் வந்தார். இரண்டு கூடை மாம்பிஞ்சுகளை வாசலில் இறக்கிவைத்தார். ஒவ்வொன்றிலும் கறுத்த காயம். தோப்பில் இனிப் பறிக்க ஒன்றுமில்லை. "ஊறுகாய் போடுங்கம்மா," என்று பத்மாவதியிடம் சொல்லிவிட்டுப் படியில் சற்று நேரம் உட்கார்ந்தார். அவள் காப்பி கொடுத்தாள். குடித்தார். நான் எத்தனையோ மேடைகளில் உழவர் துயரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இன்று அந்தப் படியில் அவர் அருகே உட்கார்ந்து, அவர் குடித்து முடித்த குவளையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

லீமா அவர்களை அழைத்தேன். முழுவதையும் சொன்னேன்.

"உங்களை நம்பறேன் சார். ஆனா எடுத்துக்க முடியாது. செவ்வாய்க்கிழமை தேதி போட்டு உங்க கையெழுத்துலயே வந்திருக்கு, அளவைக் கூட்டிச் சொன்னேன்னு. அதே ஆள் சொல்ற இன்னொரு பெரிய கல்லை எப்படிச் சேர்க்கறது?"

பழுதுள்ள சான்றாளரின் எல்லாக் கூற்றையும் விலக்குவது அவர்களுடைய நெறி. சரியான நெறிதான். முப்பத்து நான்கு ஆண்டுப் பழமையான என் பொய்யை ஏற்றுவைத்திருந்த ஏடு, நான் சொன்ன முதல் உண்மைக்குக் கதவை அடைத்தது. பலகை எங்கே என்று கேட்டார். அதற்கு மாலை சாத்தியிருக்கிறார்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று.

தொலைபேசியை வைக்கும் முன் அவர் கேட்டார்: "அம்மா பார்த்தாங்களா?"

சித்திரை 23, திங்கள்

லீமா வந்தார். முதலில் தோப்புக்குச் சென்று கிளைகளில் பட்ட காயங்களை அளந்தார். அடுத்த ஊர்ப் பலகையிலும் பெருங்குழிகள் விழுந்திருக்கின்றனவாம். பிறகு எங்கள் கூடத்தில் அமர்ந்து என்னை வெளியே இருக்கச் சொன்னார். ஒரு சான்றாளர் கேட்க, மற்றவர் பேசக்கூடாதாம். என் வீட்டில், நான் இல்லாத ஓர் உரையாடல். கொல்லையில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டேன். சன்னல் திறந்திருந்தது என் பிழையன்று.

கல் வளையலுக்குள் நுழையவில்லை என்று ஐயா சொன்னாரே என்று லீமா வினவியது காதில் விழுந்தது.

"அவர் நேரா வச்சு அழுத்தினாரு. சாய்ச்சுப் போட்டா நுழைஞ்சுது," என்றாள் பத்மாவதி.

லீமா வளையலை வாங்கி இடுக்கியளவியால் அளந்தார். ஐம்பத்தேழு மில்லிமீட்டர். இரண்டுமுறை அளந்தார். பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டார். நான் சன்னல் வழியே, தாமரைச்செல்வி என்று எழுதலாம் என எடுத்துக்கொடுத்தேன்.

"ரேஷன் கார்டுல இருக்கிறபடி எழுதுங்கம்மா," என்றாள் அவள்.

மாலையில் பலகை வந்து சேர்ந்தது. வெள்ளித்தாளில் வட்டவட்டமாகப் பதினேழு குழிகள். மாலையின் நார் முடிச்சுகள் பதிந்தவை.

வைகாசி 6, திங்கள்

அறிக்கையின் படி ஒன்று அஞ்சலில் வந்தது. நூற்று நாற்பது பக்கம். நம் வட்டத்துக்குரிய பகுதி ஒரு பக்கம். கோடு மேல்நோக்கி ஏறுகிறது. அதன் அடியில், புள்ளிகள் குறைவு என்பதால் இது "வாய்ப்புண்டு" என்னும் நிலையிலேயே கொள்ளத்தக்கது, உறுதிகூற இன்னும் பல ஆண்டு அளவீடு வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை இன்று மூன்றுமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மேடைக்கு ஆகாது. வீட்டுக்கு ஆகும்.

வட்டம் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வலை அடுத்த ஆண்டு வரும். முனிரத்தினத்திடம் ஓடிச்சென்று சொன்னேன். அவர் இலையுதிர்ந்த ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். "காயெல்லாம் கொட்டினப்புறம்தான் நம்புறாங்க," என்றார். பிறகு, "பரவாயில்லைங்க, மரம் இருக்குது," என்றார்.

பின்னிணைப்பில் என் பெயரைத் தேடினேன். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய வரியின்மேல் ஒரு கோடு அடித்து, "மூலம் ஏற்கப்படவில்லை" என்றிருக்கிறது. பட்டியலின் இறுதியில், நம் வட்டத்தில் இதுவரை பதிவான மிகப் பெரிய ஆலங்கட்டி. ஐம்பத்தேழு மில்லிமீட்டர். கண்டவர்: ரா. பத்மாவதி, இல்லத்தரசி. அவள் சொன்னதைச் சொன்னவாறே அச்சிட்டிருக்கிறார்கள்.

"கல்லு என் வளையலுக்குள்ள நுழைஞ்சது. இறுக்கமா நுழைஞ்சது. அப்புறம் கரைஞ்சு போச்சு."

சமையலறைக்குச் சென்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஊறுகாய் சாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தவள், சரி என்று தலையசைத்துவிட்டு, முடிச்சைப் பிடிக்க என் விரலைக் கேட்டாள். பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சொற்கள். ஓர் உவமைகூட இல்லை.